எதுக்கும் அண்ணாச்சிக்கு ஒரு சீட்டு

உலகம் நாளைக்கு அழியப்போகிறது என்று இன்று சாயங்காலம் செய்தி வந்தால், அதற்குத் தேவையான சாமான்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி, கயிறு போட்டு இறுக்கி, விடிவதற்குள் வாசலில் தயாராக நிற்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில், நான் போட்டோகிராபராக வேலை பார்த்த ஸ்டூடியோவில் இருந்தார். உலகம் அழிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பதற்கு ஒரு மடக்கு ஸ்டூலும் அந்த மூட்டைக்குள் கட்டாயம் இருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று ஆதார் கார்டில் இருந்திருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லித்தான் பையில் போடுவார். ஆகவே அவர் எங்களுக்கு 'எதுக்கும் அண்ணாச்சி'. கல்யாண ஜோடிகளை வெளியூருக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கும்போது சாமான் கட்டுவது, கூடவே வந்து லைட்டைத் தூக்கிப் பிடிப்பது, திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் துடைத்து வைப்பது, இவ்வளவும் அவர் வேலை.

வெளியில் போய்ப் படம் எடுக்க என்ன வேண்டும்? கேமரா, லென்ஸ், பேட்டரி, மெமரி கார்டு, லைட், ஸ்டாண்டு. மற்ற ஊர்களில் இதோடு ஜிப்பை இழுத்து மூடிவிடுவார்கள். அண்ணாச்சிக்கு இது வெறும் ஆரம்பம்தான். இதற்கு மேல் ஊக்கு, நைலான் கயிறு, பவுடர் டப்பா, பிளாஸ்கில் வெந்நீர், கொசுவர்த்திச் சுருள், குடை, செருப்பு தைக்கிற ஊசி எல்லாம் ஏறும். ஒருநாள் ஒரு பட்டு வேட்டி ஏறுவதைப் பார்த்துவிட்டு நான் வாயைக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, வேட்டி எதுக்கு?"

"மாப்ள சகதில வழுக்கி விழுந்தாருன்னா?"

"சரி. அந்தப் பாவாடை?"

"ஏம்ப்பா, பொண்ணு மட்டும் வழுக்காதோ?"

வழுக்கி விழுவதில் ஆண் பெண் பேதம் பார்க்க நான் யார்?

லென்ஸ் வாங்கினால் கம்பெனிக்காரன் அழகாக ஒரு பையும் கொடுப்பான். அண்ணாச்சிக்கு அந்தப் பையில் நம்பிக்கை கிடையாது. தன் வீட்டம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைக் கிழித்து, ஒவ்வொரு லென்ஸையும் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைப்பார். பெரிய லென்ஸுக்கு ஊதா, சின்னதற்கு மஞ்சள். நாளடைவில் எங்களுக்கு லென்ஸ் நம்பரே மறந்துபோனது. மதுரையிலிருந்து ஒருநாள் உதவிக்கு வந்த போட்டோகிராபரிடம், பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, "சீக்கிரம் அந்த ஊதாச் சேலைய மாட்டுங்க சார்" என்று நான் கத்த, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுபடி அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை.

ஒருமுறை ஆலங்குளம் பக்கம் போயிருந்தோம். மானாவாரிக் காடு. வானம் பார்த்துப் பார்த்தே நரைத்துப்போன மனிதர்கள். அங்கே அண்ணாச்சி வேனிலிருந்து குடைகளாக இறக்கிக்கொண்டே இருந்தார். வரப்பில் நின்ற ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொடையத்தான் கொண்டாந்தியளா, இல்ல மழையவும் கையோட கொண்டாந்திருக்கியளா?" என்று கேட்டார். அண்ணாச்சி அசரவில்லை. "மழ வந்தா ஒங்களுக்கும் ஒண்ணு தாரேன் அண்ணாச்சி, இங்கனயே நில்லுங்க" என்றார். அந்தப் பெரியவர் நாங்கள் கிளம்பும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போன கதை இன்னும் மோசம். குரங்கு வந்தால் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு தார் வாழைப்பழம் கட்டி எடுத்து வந்தார். அதுவரை அங்கே ஒரு குரங்குகூடக் கண்ணில் படவில்லை. அவர் பழத்தை வெளியே எடுத்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையே இறங்கி வந்துவிட்டது. மாப்பிள்ளை பொண்ணை விட்டுவிட்டு முதலில் ஓடினார். அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இவ்வளவும் கட்டி, வேனில் ஏற்றி, எல்லோரும் ஏறி உட்கார்ந்து, முதலாளி வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு அண்ணாச்சியிடமிருந்து ஒரு குரல் வரும்.

"செத்த நேரம் மொதலாளி, ஒண்ண மறந்துட்டேன்."

இறங்கி உள்ளே போவார். எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தமிழ் போதாது. "தேவுடா, தேவுடா" என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு ஹாரனை அடிப்பார். உள்ளிருந்து கற்பூர வாசனை வரும். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஷூட் இருந்தால் கேமரா இரண்டையும் முதல்நாளே சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பூ வைத்து, பொட்டு வைத்துவிடுவோம். அண்ணாச்சி சூடம் ஏற்றிக் கும்பிட்டு, கேமராக்களைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து மடியில் வைத்துக்கொள்வார். சாமி முன்னால் இருந்து வந்த பொருளைச் செருப்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் வைக்கக் கூடாதாம். ஆனால் அவருடைய இன்னொரு கையில் எப்போதும் ஒரு தீப்பெட்டியோ விசிறியோ இருக்கும். நாங்கள் அதைத்தான் பார்த்தோம். "இந்த விசிறிக்கா இம்புட்டு நேரம்?" என்று வழி முழுக்க அவரை ஓட்டிக்கொண்டு போவோம். துண்டு மூட்டையை யாரும் கண்டுகொண்டதே இல்லை. சூரியன் உதிப்பதை யார் தினமும் கண்டுகொள்கிறார்கள்?

அண்ணாச்சியின் வீட்டம்மா பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். மருமகளுக்குப் பிரசவம், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர். பேரன் பிறந்து, தவழ்ந்து, எல்.கே.ஜி.யும் முடித்துவிட்டான். அவர் வரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. தினமும் வீடியோ காலில் பேசுவார்கள். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். இங்கே அண்ணாச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஷூட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பெரிய தூக்குவாளி நிறைய எலுமிச்சம் சாதமோ புளிச் சாதமோ கொண்டுவருவார். எங்களோடு மாப்பிள்ளை வீட்டாரும் சாப்பிட்டு மிஞ்சும். எதற்கு இவ்வளவு என்றால், "ஒத்த ஆளுக்கு ஒல வைக்கக் கை வரமாட்டேங்கு தம்பி" என்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். சாயங்காலம் கடையைப் பூட்டும் நேரத்தில் அவர் துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுக்குப் போகலயா அண்ணாச்சி?"

"போயி?"

நான் அவரோடு இன்னொரு டீ குடித்துவிட்டுப் போவேன்.

இப்படி இருக்கையில்தான் முதலாளி பழைய வேனை விற்றுவிட்டு ஒரு கார் வாங்கினார். கேமராவெல்லாம் உள்ளங்கை அளவுக்குச் சின்னதாகிவிட்டது, இனி எதற்கு வேன் என்பது அவர் கட்சி. முன்னால் அவரும் ஒரு லைட் பெட்டியும், பின்னால் நானும் வீடியோ எடுப்பவரும். அண்ணாச்சி கடையிலேயே இருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். முதலாளி இதை ஏதோ பதவி உயர்வு மாதிரிதான் சொன்னார். அண்ணாச்சியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஷூட் இருந்தால்தான் அவருக்குப் பேச ஆள் உண்டு, தூக்குவாளியைத் திறக்க ஓர் இடம் உண்டு.

அன்று சாயங்காலம் அவர் முதலாளியின் மேஜைப் பக்கம் போய் நின்றார். கையில் ஒரு துணி. மேஜையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மொதலாளி, பின்னால ஒரு ஓரமா ஒக்காந்துக்கிடுதேனே."

"ஒம்ம ஒக்கார வச்சிரலாம் அண்ணாச்சி. ஒம்ம மூட்டைய எங்க ஒக்கார வைக்க?"

"மூட்டையக் கொறச்சிக்கிடுதேன்."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். புலி புல்லைத் தின்கிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் கை ஓடும்?

"சரி. வார ஷூட்டுக்கு ஒரே ஒரு பை. அதுக்குள்ள என்ன அடங்குதோ அம்புட்டுதான். இன்னொண்ணும் சொல்லிப்புட்டேன். வண்டில ஏறுன பொறவு 'செத்த நேரம், ஒண்ண மறந்துட்டேன்'னு ஒருக்கா எறங்குனீரு, அப்பிடியே வீட்டப் பாக்கப் போயிரும். நான் பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன்."

"எறங்கவே மாட்டேன் மொதலாளி."

ஷூட்டுக்கு முதல்நாள் அவர் அந்த ஒற்றைப் பையைக் கட்டிய காட்சியைப் பார்த்தவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்தேன். குடையை எடுப்பார், வெளியே வைப்பார். வெளியே வைத்ததைத் தடவிக் கொடுப்பார். ஸ்டூலை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, மூலையில் சாத்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொசுவர்த்திச் சுருளை மட்டும் விட மனசில்லை. பாதியாக ஒடித்து ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தூக்குவாளியும் கிடையாது. கடைசியில் பை ஒன்றுதான் இருந்தது. ஜிப்பும் மூடியது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

மறுநாள் விடியற்காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷூட். திருமுக்குளத்துப் படியில் ஜோடி உட்கார வேண்டும், அந்த இளவெயில் வருகிற நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது பொண்ணின் ஆசை. பொண்ணு வீட்டார் ஆண்டாள் கோவில் காரியங்களில் தலைமுறையாக இருக்கிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் படமா என்று யோசித்து, கடைசியில் பொண்ணின் பெரியப்பாவைக் காவலுக்கு அனுப்பச் சம்மதித்திருந்தார்கள்.

நாங்கள் காரில் ஏறினோம். லைட் பெட்டி முன் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்தது. பின்னால் எனக்கும் வீடியோக்காரருக்கும் நடுவில் அண்ணாச்சி, முழங்கால் இரண்டும் தாடையை இடிக்க, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி வண்டியை ஸ்டார்ட் செய்தார். கண்ணாடி வழியே அண்ணாச்சியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அண்ணாச்சி நேராக முன்னால் பார்த்தார். வண்டி கிளம்பியது.

"பாத்தீரா! எம்புட்டுச் சுளுவாக் கெளம்பியாச்சு!" என்று முதலாளி பூரித்துப்போனார். வழியெல்லாம் அண்ணாச்சியைப் புகழ்ந்துகொண்டே வந்தார். அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. ஏ.சி. காரில் அவருக்கு வியர்த்தது. மடியில் கிடந்த வெறுங்கைகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டார். கால் வலி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஜோடி படியில் தயாராக இருந்தது. பெரியப்பா இருவருக்கும் நடுவில் ஒரு படி மேலே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிழக்கே வெளுத்துச் சிவக்க ஆரம்பித்தது. நான் பையைத் திறந்தேன். ஊதாச் சுங்குடி இருந்தது. மஞ்சள் சுங்குடி இருந்தது. பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் இருந்தது. அந்தப் பையைப் போல ஒழுங்கான பையை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"கேமரா எங்கலே?" என்றார் முதலாளி.

நான் வீடியோக்காரரைப் பார்த்தேன். வீடியோக்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி குளத்துத் தண்ணீரைப் பார்த்தார்.

கேமரா இரண்டும் ராஜபாளையத்தில், சாமி படத்துக்கு முன்னால், பூவும் பொட்டுமாகச் சௌக்கியமாக இருந்தன.

முதலாளி போட்ட சத்தத்தில் படித்துறைப் புறாக்கள் பறந்தன. "என்னய்யா மனுசன் நீரு! ஊசி முதக்கொண்டு எடுப்பீரு, கேமராவ மறந்துட்டு வருவீரா? எப்பய்யா ஞாபகம் வந்துச்சு ஒமக்கு?"

"வண்டி கெளம்பயிலயே" என்றார் அண்ணாச்சி.

"கெளம்பயிலயேவா! பொறவு ஏன்யா வாயத் தொறக்கல?"

அண்ணாச்சி துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எறங்குனா விட்டுட்டுப் போயிருவேன்னு சொன்னியள்லா மொதலாளி."

நானும் வீடியோக்காரரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தோம். சிரிப்பு வரவில்லை. முதலாளி "தேவுடா" என்றார். அவர் அதை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ போயி எடுத்துட்டு வா." பிறகு அண்ணாச்சியைப் பார்க்காமலே, "நீரும் போம். அந்தத் துண்ட எப்பிடிச் சுத்தணும்னு இவனுக்குத் தெரியாது" என்றார்.

முன் சீட்டிலிருந்த லைட் பெட்டியை இறக்கிவிட்டு அண்ணாச்சியை அங்கே உட்கார வைத்தேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"மகன் வீட்டுக்கு ஒருக்கா போயிருந்தேன் தம்பி. மூணு ரூம்பு. ஒண்ணுல மகனும் மருமகளும். ஒண்ணுல என் வீட்டுக்காரியும் சம்பந்தியம்மாவும். ஒண்ணுல பேரனோட பொம்ம."

"பொம்மைக்குத் தனி ரூமா?"

"நெறையா பொம்ம. நான் ஹால்ல படுத்துக்கிட்டேன். காலைல எல்லாரும் வேலைக்குப் போகயில என்னயத் தாண்டித் தாண்டிப் போனாவ. யாரும் ஒண்ணும் சொல்லல, தங்கமான பிள்ளைய. நமக்குத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. சாமானா இருந்தாக்கூட ஓரமா ஒதுக்கி வச்சிரலாம். மனுசன எங்க வைக்க?"

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். ஒரு சீட்டுக்காக இந்த மனிதர் எத்தனை பெரிய மூட்டைகளைக் கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. சாமான் அத்தனை இருந்தால், அதைச் சுமக்கிற ஆளையும் கூட்டிப் போய்த்தானே ஆகவேண்டும்?

ஸ்டூடியோவைத் திறந்தோம். நான் கேமராவில் கை வைக்கப் போக, அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சூடத்தைத் தேடினார்.

"அண்ணாச்சி, வெயில் ஏறிருச்சு!"

"ஏற வச்சதே அவருதான்" என்று சாமி படத்தைக் காட்டிவிட்டு நிதானமாகக் கும்பிட்டார். அப்புறம் துண்டில் சுற்றி, மடியில் வைத்து, கார் ஸ்ரீவில்லிபுத்தூர் சேரும் வரை அந்தப் பொட்டு அழியாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

படங்கள் கேவலமாக வந்தன. சுள்ளென்ற வெயிலில் பொண்ணும் மாப்பிள்ளையும் கண்ணைச் சுருக்கி, முகத்தைச் சுளித்து, விவாகரத்துக்கு மனு போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஸ்டூடியோ எடுத்ததிலேயே மோசமான படங்கள் அவைதான். பெரியப்பாவுக்கு மட்டும் பரம திருப்தி.

அடுத்த ஷூட் வந்தது. அண்ணாச்சி யாரும் சொல்லாமலே கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி லைட் பெட்டியைத் தூக்கி எங்கள் நடுவில் திணித்தார். என் விலா இன்றைக்கும் அதை மறக்கவில்லை. காரை ஸ்டார்ட் செய்தார். ஓட்டவில்லை. ஹாரனை அடித்தார். கற்பூர வாசனை வரவில்லை. மறுபடியும் அடித்தார்.

"ஓய் அண்ணாச்சி! சூடத்தக் காட்டிட்டுக் கேமராவ எடுத்துட்டு வாரும். எம் மடிலயா வச்சிக்கிட்டு ஓட்ட முடியும்?"

அன்றிலிருந்து முன் சீட்டு அண்ணாச்சியுடையது. கேமராவுக்கு மடி வேண்டும் என்று முதலாளி ஊரெல்லாம் விளக்கம் சொன்னார்.

போன வருஷம் பேரன் பொம்மைகளை வெறுக்கிற வயதுக்கு வந்துவிட்டான். அறை காலியானது. வீட்டம்மா போன் செய்து வரச் சொல்லிவிட்டார். பெங்களூர் பஸ் ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் போனோம். பஸ்ஸுக்கு மேலே கட்டவேண்டி வரும் என்று கயிறெல்லாம் எடுத்துப்போயிருந்தோம். அண்ணாச்சி கையில் சின்னதாக ஒரே ஒரு பை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுதானா?"

"அங்க எடம் கம்மி தம்பி."

முதலாளி காருக்குப் போய் அந்த மடக்கு ஸ்டூலை எடுத்துவந்து, கண்டக்டர் கத்தக் கத்த, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் காலடியில் வைத்துவிட்டு இறங்கினார்.

நானும் இப்போது கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். தனி ஆள், தனித் தொழில். சாமானெல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிடுகிறது. எதையும் மறப்பதில்லை. ஷூட்டுக்குப் போகும்போது காரில் நான் மட்டும்தான். ஸ்டார்ட் செய்ததும் 'செத்த நேரம்' என்று ஒரு குரல் வராதா என்று காது தேடுகிறது. வருவதில்லை. பை, லைட், ஸ்டாண்டு எல்லாவற்றையும் பின்னால்தான் போடுகிறேன். பக்கத்து சீட்டில் மட்டும் எதையும் வைப்பதில்லை. எதுக்கும் இருக்கட்டும்.